ஐந்து நாளில் மூன்றரை கிலோவா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, ஜூனியர் குத்துச்சண்டை வீராங்கனை. எடை 51.5 கிலோ. ஐந்து நாளில் போட்டி. 48 கிலோ பிரிவில் இறங்கினால் மெடல் நிச்சயம் என்கிறார் கோச். மத்தியான வெயிலில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் ஓடுகிறாள், தண்ணீரே குடிப்பதில்லை. தடுப்பதா, விடுவதா? – மதுரை வாசகி

பதில்: தடுத்துவிடுங்கள் அம்மா. முதலில் அந்த ரெயின்கோட்டைக் கழற்றச் சொல்லுங்கள். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ரெயின்கோட்டுக்குள் அதற்கு வழியில்லை, சூடு ஏறிக்கொண்டே போகும். 1997 கடைசியில் அமெரிக்காவில் இப்படி எடை இறக்கப்போய் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். அப்புறம்தான் அங்கே வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று விதி வந்தது. அந்தக் கணக்கில் உங்கள் மகளுக்கு வாரம் முக்கால் கிலோ. வளர்கிற பிள்ளைக்கு அதுவும் வேண்டாம் என்பேன்.

ஐந்து நாளில் இறங்குவது கொழுப்பு இல்லை, பெரும்பாலும் தண்ணீர்தான். தண்ணீர் வற்றிய உடம்போடு ரிங்கில் ஏறினால் கை ஓடாது, எதிராளியின் குத்து வருவது தெரிந்தும் தலை விலகாது. நானும் கல்லூரியில் குத்துச்சண்டை ஆடியவன்தான். புளியை வாயில் அடக்கிக்கொண்டு டப்பாவில் எச்சில் துப்பித் துப்பி 400 கிராம் இறக்கினேன். இரண்டாவது ரவுண்டில் எந்தப் பக்கம் என் மூலை என்றே தெரியவில்லை.

டாக்டர், பயிற்சியாளர் என்று ஒரு படையே கூட இருந்தும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் கூடிப்போய் இறுதிப்போட்டியில் இறங்கும் வாய்ப்பையே இழந்தார் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்.

52 கிலோ பிரிவு இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு? போன வருஷத்து எடையிலேயே அவளை நிறுத்தப் பார்க்கிறார் கோச்; அவள் வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான். அங்கே எதிராளிகள் கொஞ்சம் உயரமாக இருக்கலாம், முதல் ஆட்டத்திலேயே தோற்கவும் செய்யலாம். தோற்றாலும் எதில் தோற்றோம் என்று அவளுக்குத் தெரியும். பட்டினி மயக்கத்தில் தோற்றால் அதுகூடத் தெரியாது. கோச்சிடம் சண்டை வேண்டாம், "52-இல் ஆடட்டும் சார், தோற்றால் பரவாயில்லை" என்று மகள் முன்னாலேயே சொல்லுங்கள்.

சிறுநீரைக் கூட்டி எடை இறக்கும் நீர் மாத்திரையை யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சரி, போட்டியன்று? எடை பார்த்த கையோடு சாப்பிட நாலு இட்லி, ஒரு வாழைப்பழம், உப்புப் போட்ட மோர் கட்டிக்கொண்டு போங்கள்.