கொடுக்காத தண்ணீர் எங்கிருந்து வந்தது?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. போன வாரம் ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை பேதியானது. "தண்ணி குடுத்தா இன்னும் போகும், வயிறு காயட்டும்" என்று மாமியார் சொல்லிவிட்டார். தாய்ப்பாலையும் நிறுத்தச் சொன்னார். மறுநாள் காலையில் பிள்ளை துவண்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினோம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், லேசாகத்தான் போகிறது. ஐந்து பிள்ளை பெற்று வளர்த்தவரிடம் நான் எப்படி எதிர்த்துப் பேசுவது?
- வாசகி, சாத்தூர்

பதில்: பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். உப்புச் சர்க்கரைக் கரைசல் கரைப்பது எப்படி என்று எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே ஓர் இரவு நடந்தது. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது, பேதி. "தண்ணி, தண்ணி" என்று கையை நீட்டினாள். நான் எவர்சில்வர் டம்ளரை எடுத்து, அவளுக்கு எட்டாமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். யோசித்து வைக்கவில்லை, கை தானாகப் போனது. எங்கள் அம்மா எனக்கும் தம்பிக்கும் அப்படித்தான் செய்வார். வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் சுரீர் என்று உறைத்தது. பாடமாகப் படித்தது, ஊருக்கெல்லாம் சொன்னது, எதுவும் அந்த நிமிஷத்தில் துணைக்கு வரவில்லை.

குடித்தால் போகிறது, குடிக்காவிட்டால் குறைகிறது. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். உள்ளே உடம்பு காய்ந்துகொண்டே போவது கண்ணுக்குத் தெரியாது. பாட்டிகள் மட்டும் இப்படி நினைக்கவில்லை. பேதியானால் குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், பட்டினி போட வேண்டும் என்று டாக்டர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். 1971-இல் வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே பிடித்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் கீழே இறங்கியது. அதற்குப் பிறகும் அவர் சொன்னதைப் பல நிபுணர்கள் லேசில் நம்பவில்லை. பேதியின்போதும் குடல் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உறிஞ்சும், கூடவே தண்ணீரும் உள்ளே போகும். சூட்சுமம் அதுதான்.

அனுபவம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணக்கெடுக்கப் போகும்போது "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்பேன். "ஏழு பெத்தேன், ரெண்டு தங்கல" என்பார்கள். எப்படி என்று கேட்டால், "பேதியாச்சு, ஆயுசு அவ்வளவுதான்." தங்கிய ஐந்தும் வளர்த்த கைக்குப் பெருமை. தங்காத இரண்டும் விதியின் கணக்கு. அந்தத் தண்ணீர் டம்ளர் எந்தக் கணக்கிலும் வருவதே இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சரி, மாமியாரிடம் எப்படிப் பேசுவது? எதிர்த்துப் பேச வேண்டாம். அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அத்தை, அன்னைக்குக் காலையிலேர்ந்து நாம ஒரு வாய் தண்ணி குடுக்கல. சாயங்காலம் வரைக்கும் தண்ணியாத்தானே போச்சு, அது எங்கேர்ந்து வந்துச்சு?" பிள்ளையின் உடம்பிலிருந்துதான் வந்தது என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும். நான் போன வீடுகளில் நிறைய மாமியார்கள் இந்த இடத்தில் பேச்சை நிறுத்தி யோசித்திருக்கிறார்கள். அப்புறம் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் ஸ்பூனையும் அவர் கையிலேயே கொடுங்கள். ஐந்து நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்து புகட்ட அவரைவிடச் சரியான ஆள் கிடையாது.

அந்தக் கரைசலுக்கான பொடிதான் ஓ.ஆர்.எஸ். அதை வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தித்திப்பான டப்பா பானங்கள் பேதியை அதிகமாக்கும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கொட்ட வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று போட்டால் உப்பு ஏறிவிடும், அது ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. உங்கள் மகன் வயதுக்கு ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். மலத்தில் ரத்தம், கண் குழி விழுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, குடிக்கக்கூட முடியாமல் துவள்வது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஆஸ்பத்திரியில் துத்தநாக மாத்திரை கொடுத்திருப்பார்கள், ஜிங்க் என்று அட்டையில் இருக்கும். பேதி நின்றதும் அதை ஓரமாக வைத்துவிடாதீர்கள். தினமும் 20 மில்லிகிராம், 14 நாள் முடிய வேண்டும். இப்போது எத்தனையாவது நாள் என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.