மருத்துவர் பதில்கள்: எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மலச்சிக்கல்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 38. பத்து மாதங்களுக்கு முன் எடை குறைப்புக்காக ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 112 கிலோவாக இருந்த எடை இப்போது 79 கிலோ. சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். அந்த வகையில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் மூன்றாம் மாதத்திலிருந்து மலச்சிக்கல் பாடாய்ப் படுத்துகிறது. நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறைதான் போகிறது; அதுவும் ஆட்டுப் புழுக்கை போல, முக்கி முக்கி, சில நேரம் இரத்தத்துடன். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நிலாவரைப் பொடியை இரவில் அரைத் தேக்கரண்டி எடுக்கத் தொடங்கினேன். இப்போது இரண்டு தேக்கரண்டி போட்டால்தான் வேலை செய்கிறது. காலையில் புரோட்டீன் பவுடர், மதியம் முட்டை அல்லது மீனுடன் இரண்டு கரண்டி சாதம், இரவில் ஒரு இட்லி, இடையில் இரண்டு முறை மோரோ பழத்துண்டோ, இவ்வளவுதான் என் சாப்பாடு. மறந்துவிடக் கூடாது என்று இரும்பு, கால்சியம் மாத்திரைகள் இரண்டையும் இரவில் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன். அறுவை சிகிச்சையில் குடலில் ஏதேனும் கோளாறு நேர்ந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் பேதி மருந்தோடுதான் காலம் தள்ள வேண்டுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்டு, ஒரு குழாய் போன்ற பகுதி மட்டும் மிச்சம் வைக்கப்படுகிறது. மலம் உருவாகும் இடமான பெருங்குடலைக் கத்தி தொடுவதே இல்லை. வாந்தியோ வயிற்று உப்புசமோ கடுமையான வலியோ இல்லாமல், நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறையாவது மலமும் இடையிடையே காற்றும் பிரிந்துகொண்டிருக்கும்வரை குடல் அடைப்பு என்று அஞ்ச வேண்டியதில்லை. உங்களுக்கு நேர்ந்திருப்பது வேறு: உள்ளே போவதன் அளவும் தன்மையும் மாறிவிட்டன, ஆனால் வெளியே வருவது மட்டும் பழையபடி இருக்க வேண்டும் என்று நீங்கள் குடலை மருந்தால் விரட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு நாள்தோறும் ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை நீர்மமான கழிவு வந்து சேர்கிறது. அதில் பெரும்பகுதி நீரைப் பெருங்குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால், கடைசியில் 100 முதல் 200 கிராம் அளவே மலமாக வெளியேறுகிறது. உடலில் நீர் குறைவாக இருக்கும்போதும், மலம் அங்கே கூடுதல் நாட்கள் தங்கும்போதும் அது மேலும் மேலும் வறண்டு, நீங்கள் எழுதியிருக்கும் புழுக்கை நிலைக்கு வந்துவிடுகிறது.

எனவே தண்ணீரைத்தான் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தேன். நம் ஊர்ச் சாப்பாட்டில் நாம் அருந்தும் நீரில் கணிசமான பங்கு சாம்பாராகவும் ரசமாகவும் மோராகவும் சோற்றோடு சேர்ந்தே உள்ளே போய்விடுகிறது; சோறு இரண்டு கரண்டியாகச் சுருங்கியதும் அந்த நீரும் சேர்ந்து குறைந்துவிட்டதை யாரும் உணர்வதில்லை. அதோடு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் நீர் அருந்தக் கூடாது என்ற அறிவுரையையும் நீங்கள் கடைப்பிடித்துக்கொண்டிருப்பீர்கள். காலை 6 முதல் இரவு 10 வரை விழித்திருக்கும் 16 மணி நேரத்தில், ஐந்து சிறு வேளைகளுக்குத் தலா ஒன்றரை மணி நேரம் இப்படிக் கழிந்தால், தண்ணீர் குடிக்க மிஞ்சுவது எட்டரை மணி நேரம்தான். அதற்குள் ஒன்றரை லிட்டர் போக வேண்டுமானால் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் ஏறத்தாழ 45 மில்லி, அதாவது மூன்று மேசைக்கரண்டி அருந்த வேண்டும். தாகம் எடுத்தபின் ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிப்பது உங்களுக்கு இனி இயலாது. ஆகவே தாகத்துக்காகக் காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்கப் பழகுங்கள். காலையில் 500 மில்லி பாட்டில்கள் மூன்றை நிரப்பி வைத்து, இரவில் எத்தனை காலியாகியிருக்கின்றன என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது மாத்திரைகள். இரும்புச் சத்து மாத்திரை மலத்தை இறுக்கும். கால்சியம் கார்பனேட்டும் அப்படியே. இரண்டையும் ஒன்றாகப் போடும்போது கால்சியம் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுப்பதால், சிக்கல் மட்டும் மிஞ்சி பலன் குறைந்துபோகிறது. இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்குச் சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தேவை. இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். கார்பனேட்டுக்குப் பதில் கால்சியம் சிட்ரேட் எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் சிறிய இரைப்பையில் எளிதாகக் கரைவதோடு மலத்தையும் குறைவாகவே இறுக்கும். ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் ஆகியவற்றின் அளவுகளைப் பார்த்து, தேவைப்பட்டால் இரும்பை ஊசி மூலம் இரத்தக் குழாய் வழியே செலுத்தவும் வழி உண்டு.

நார்ச்சத்தைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதியிருக்கும் உணவில் ஒரு நாளைக்கு 10 கிராம்கூடத் தேறாது. பெரியவர்களுக்கு 25 கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. புரோட்டீன் பவுடரில் நார் இல்லை என்றே சொல்லலாம். பத்து மாதங்கள் ஆகிவிட்டதால், ஒரு வேளைப் பவுடருக்குப் பதிலாக நன்கு குழைய வேகவைத்த பாசிப்பயறு 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும் அதே அளவு நாரும் கிடைக்கும். குறையும் புரதத்தை முட்டை, மீன், தயிர் கொண்டு ஈடுகட்டுங்கள். கனிந்த கொய்யா, பப்பாளி, மசித்த கீரை ஆகியவற்றை வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்து வாருங்கள். வாழைத்தண்டைப் பலரும் பரிந்துரைப்பார்கள்; நாரெடுத்து மிகப் பொடியாக நறுக்கி வேகவைக்காவிட்டால் அது சிறிய இரைப்பையில் திரண்டு நின்றுவிடக்கூடும். இசப்கோலும் அப்படித்தான்: தண்ணீரின் அளவு நிலைப்படாதவரை அதைத் தொட வேண்டாம்.

இனி நிலாவரைக்கு வருகிறேன். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து அந்த ஊரின் பெயரோடே உலகெங்கும் ஏற்றுமதியாகும் மூலிகை அது. அலோபதி மருந்துகளிலும் சேர்க்கப்படுவது. நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அதைத் தொடர்ந்து உண்டால் குடல் நரம்பு செத்துப்போகும் என்ற பேச்சுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் குடலைச் சுருங்கச் செய்து தள்ளுவதே அதன் முதன்மையான வேலை. வறண்ட மலத்தை அப்படித் தள்ளும்போது ஆசனவாய் கிழிந்து இரத்தம் வரும். மறுநாள் பேதியாகப் போய் நீரும் பொட்டாசியமும் இழப்பாகும். அந்த நீரிழப்பால் அடுத்த நான்கு நாட்களுக்கு மலம் மீண்டும் இறுகும். இந்தச் சுழலில்தான் அரைத் தேக்கரண்டி இரண்டாகியிருக்கிறது. இதற்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற தூளை உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். அது குடலைச் சுண்டுவதில்லை, மலத்தில் நீரைப் பிடித்துவைக்கிறது. 17 கிராமை ஒரு தம்ளர் நீரில் கரைத்து ஒரு மணி நேரத்தில் சிறுகச் சிறுக அருந்தலாம். நாள்பட்ட மலச்சிக்கலுக்கு 2023-இல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவச் சங்கங்கள் இரண்டும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளுள் இதுவும் ஒன்று. இது நிலைத்தபின் நிலாவரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள்.

காலையில் வெந்நீர் அருந்தி, உணவு உண்ட அரை மணிக்குள் பெருங்குடல் இயல்பாகவே அசையும். அந்த நேரத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். மேற்கத்தியக் கழிவறையானால் பாதங்களுக்கு அடியில் மணைப்பலகை ஒன்றை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி அமர்ந்தால், மலக்குடலின் வளைவு நேராகி முக்கல் குறையும். உணவே பாதிக்குக் கீழே குறைந்துவிட்டவருக்கு நாள்தோறும் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை மென்மையாகப் போனால் போதும்.

இரத்தம் வருவதை மட்டும் வெடிப்பு என்றோ மூலம் என்றோ நீங்களே முடிவு செய்துவிடாமல், இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். அப்போதே தைராய்டு, கால்சியம், பொட்டாசியம் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும், மலம் மென்மையாக இருந்தும் வெளியேற மறுத்தால், இடுப்புத் தளத் தசைகள் தளர வேண்டிய நேரத்தில் இறுகுகின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு மருந்தைவிடத் தசைப் பயிற்சியே பலன் தரும்.

கேள்வி: எனக்கு வயது 52. மூன்று ஆண்டுகளுக்கு முன் பைபாஸ் முறையில் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு 40 கிலோ குறைந்தேன். இதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதமாக மலச்சிக்கல். சாப்பிட்ட பின் மேல்வயிறு முறுக்கி வலித்து, ஒரு மணி நேரத்தில் தானாக விட்டுவிடுகிறது. இரண்டு முறை வாந்தியும் வந்தது. மருந்துக் கடையில் இசப்கோல் கொடுத்தார்கள். தொடரலாமா?
– வாசகர், கரூர்

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். முந்தைய வாசகிக்குச் சொன்ன எதையும் நீங்கள் முயன்று பார்க்க வேண்டாம். பைபாஸில் சிறுகுடலை மாற்றி இணைக்கும்போது குடலைத் தாங்கும் சவ்வில் இடைவெளிகள் உருவாகின்றன. தைத்து மூடியிருந்தாலும், எடை குறைந்து அங்குள்ள கொழுப்பு கரையும்போது அவை விரிந்து, குடலின் ஒரு பகுதி அதனுள் நழுவிச் சிக்கிக்கொள்ளலாம். ஆண்டுகள் கழித்தும் இது நேரும்; வந்து வந்து விட்டுப்போகும் வலியே பலருக்கு முதல் அறிகுறி. முழுவதும் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும். சி.டி. ஸ்கேன் சரியாக இருப்பதாகத் தெரிந்தாலும் வலி தொடர்ந்தால், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவைச் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி மூலம் நேரில் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.

நாளைக் காலையே உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவரைப் பாருங்கள். இதற்கிடையில் வலி விடாமல் நீடித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, காற்றுப் பிரியாவிட்டாலோ இரவென்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே பணியில் இருப்பவருக்கு உங்கள் பழைய சிகிச்சை தெரிந்திருக்காது. பைபாஸ் என்று மட்டும் சொன்னால் இதய அறுவை சிகிச்சை என்று எண்ணிவிடவும் கூடும். ஆகவே "இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி, மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுங்கள். அந்தத் தாளை இப்போதே தேடி எடுத்து வைத்துவிடுங்கள்.