சிஸ்டரிடம் கேளுங்கள்: ஏன் ஊட்டிவிடுவதில்லை?

பக்கவாத மறுவாழ்வு வார்டில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கும் மூத்த செவிலியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. இப்போது மறுவாழ்வு வார்டுக்கு மாற்றி 3 வாரம் இருக்கச் சொல்கிறார்கள். பிசியோ ஒரு மணி நேரம்தான் வருகிறார், அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே? அங்கே இருக்கும் சீனியர் சிஸ்டர் அப்பாவுக்கு ஊட்டிவிடுவதில்லை, என்னையும் ஊட்ட விடுவதில்லை. அவர் சிந்திச் சிந்திச் சாப்பிடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.
*- வாசகி, தஞ்சாவூர்*

உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் அந்த சிஸ்டர் அப்பாவைக் கவனிக்காமல் இல்லை. ஊட்டிவிடுவது எங்களுக்குச் சுலபம், 5 நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டாமல், எந்த நொடியில் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் கஷ்டம், அது கைவர எனக்கே பல வருஷம் ஆனது.

நான் புதிதாகச் சேர்ந்தபோது எங்கள் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார், அவருக்கும் வலது பக்கம்தான், பேச்சும் போயிருந்தது. மூன்று நாளாகத் தட்டைத் தொடவில்லை. பசியில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தோம். எங்கள் சீனியர் சிஸ்டர் ஒருநாள் காலையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டை வைத்ததும் பெரியவர் தன் இடது கையைப் பார்க்கிறார், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இடது கையால் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். சிஸ்டர் ஸ்பூன் காம்பில் துணியைத் தடிமனாகச் சுற்றி, அவருடைய வலது கை விரல்களை அதன்மேல் மடித்து வைத்து, முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தார். அரை இட்லிக்கு அரை மணி நேரம், சட்டையெல்லாம் சாம்பார். மனிதர் முழுசாகச் சாப்பிட்டு முடித்தார்.

பிசியோ ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பது மீதி 23 மணி நேரத்தில்தான் உடம்பில் ஊறும், அந்த நேரமெல்லாம் நர்ஸின் பொறுப்பு. பாத்ரூமுக்கு எழுந்து நிற்பது, சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைப்பது, கட்டிலில் புரண்டு உட்காருவது எல்லாமே பயிற்சிதான். இது போக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து இடுப்பும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்போம். யூரின் டியூபை முடிந்தவரை சீக்கிரம் எடுத்துவிட்டு, நேரம் வைத்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போவோம். செயலிழந்த கையைத் தொங்கவிடாமல் தலையணையில் தாங்கி வைப்போம். ஒரு விஷயம், தூக்கி உட்காரவைக்கிறேன் என்று அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள், தசைப் பிடிப்பில்லாத தோள்மூட்டு இறங்கிவிடும், அப்புறம் அந்த வலியிலேயே பயிற்சி எல்லாம் நின்றுபோகும்.

வீட்டார் கற்றுக்கொண்டு செய்தால் போதாதா என்று இந்தியாவிலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள், அட்டெண்ட் என்று பெயர், 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்தும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அந்த நோயாளிகள் அதிகம் தேறிவிடவில்லை. 6 மாதத்தில் இரண்டு குழுவிலும் 47 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறர் துணையோடுதான் இருந்தார்கள். உங்கள் பாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, எல்லாவற்றையும் அதன் தலையில் சுமத்தாதீர்கள் என்கிறேன். அதனால் 3 வாரமும் இருங்கள். கடைசி வாரம் முழுக்க அந்த சிஸ்டர் கூடவே நின்று, அவர் என்ன செய்கிறார், எதைச் செய்யாமல் விடுகிறார் என்று கவனியுங்கள். வீட்டுக்குப் போன பிறகு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவையுங்கள்.

அம்மாவுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்கிறார் சிஸ்டர். பார்க்க வந்தவர்கள் இளநீர் கொடுக்கலாம் என்கிறார்கள். லேசாக இருமல் வருகிறது, மற்றபடி விழுங்குகிறாரே?
*- வாசகர், மதுரை*

கொடுக்காதீர்கள். இருமலாவது எச்சரிக்கை, இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்குவதுதான் எங்களுக்குப் பயம், நிமோனியா அப்படித்தான் வருகிறது. சிஸ்டர் அம்மாவை நேராக உட்காரவைத்துத் துளித்துளியாகக் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார், பிறகு "ஆ" சொல்லச் சொல்வார். குரல் களகளவென்று ஈரமாக வந்தால் அன்றைக்கு வாய்வழி கிடையாது. பக்கவாதக்காரர்களுக்குத் தண்ணீர், இளநீர் மாதிரி நீர்த்தவைதான் மிகவும் சிரமம், கெட்டியான கஞ்சி பெரும்பாலும் எளிதாக இறங்கும். சிஸ்டர் அனுமதித்த பிறகும் ஊட்டி முடித்ததும் கன்னத்துக்குள் சாப்பாடு ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள்.

ஐசியுவில் இருந்த என்னை மறுவாழ்வு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். துடைப்பதும் திருப்பிப் போடுவதுமாகவே போகிறது. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, அக்கா?
*- செவிலியர், கோவை*

நிறைய இருக்கிறதும்மா. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் ஓர் ஆய்வு நடந்தது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் இந்த மூன்றையும் முதல் 72 மணி நேரம் நர்ஸுகள் ஒழுங்காகக் கவனித்தார்கள், புது மருந்து எதுவும் இல்லை. 90 நாளில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் வழக்கமான பிரிவுகளில் 58 சதவீதம், இந்தப் பிரிவுகளில் 42. லான்செட்டில் 2011இல் வந்தது.

உன் வார்டிலேயே இன்று மதியம் பார். மூளையின் வலது பக்கம் அடிபட்டவர்களில் சிலருக்குத் தட்டின் இடது பாதி கண்ணில் படாது. பாதிச் சோறு அப்படியே இருக்கும், இன்னும் கொஞ்சம் போடச் சொல்வார். முதலில் இடது பக்கம் பார்க்கச் சொல், முடியாவிட்டால் தட்டைத் திருப்பி வை. துடைத்துவிடும்போதுதான் யார் சாயந்திரமானால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார், யார் நேற்றைவிட விரலை அசைக்கிறார் என்பது தெரியும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் 5 நிமிடத்தில் அது வெளியே தெரியாது. நீ பார்த்ததைச் சொல், எழுதி வை.

கை கால் இழுத்துக்கொண்டால் புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்கிறார்களே?
*- வாசகர், தர்மபுரி*

ஆகாது. பெரும்பாலும் மூளை ரத்தக்குழாயில் வரும் அடைப்புதான் காரணம், தோலில் தடவுவது அங்கே போய்ச் சேராது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், புறா தேடும் நேரத்தில் அது கைநழுவிப் போனதைப் பலமுறை பார்த்துவிட்டேன். முகம் கோணினாலோ பேச்சு குழறினாலோ 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வருவதற்குள் அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.