ஃபோர் வீலும் டீசல் கணக்கும்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

மழைக்காலத்தில் செம்பனைக் குலை ஏற்றுவதைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். தங்கள் பழைய ஹைலக்ஸ் ஃபோர் வீல் பிக்கப் வண்டி 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று அதில் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். எரிபொருள் உதவித்தொகை நாட்டின் கருவூலத்தைக் கரைக்கிறது என்று முன்னொரு முறை எழுதியவரும் தாங்கள்தான். நான் சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலை நாட்களில் போக வர 100 கிலோமீட்டர் மைவி என்ற சிறிய பெட்ரோல் கார் ஓட்டுகிறேன். 6 லிட்டரில் முடிந்துவிடுகிறது. ஐந்து ஏக்கர் தோட்டத்துக்கு இரண்டு டன் வண்டி எதற்கு? குலை வெட்டும் நாளில் ஒரு லோரியை வாடகைக்கு அமர்த்தினால் போதாதா? டீசல் விலை ஏறிய பிறகும் அதைக் கட்டிக்கொண்டு அழுவது பெருமைக்காகத்தானோ என்று தோன்றுகிறது. தவறாக எண்ண வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சுங்கை பட்டாணி

அன்புள்ள நண்பருக்கு,

தவறாக எண்ணவில்லை. என் வண்டியைப் பார்க்கும் உறவினர்களும் இதையே கேட்கிறார்கள். தாங்கள் கணக்கோடு கேட்டிருப்பதால் கணக்கோடு பதில் சொல்ல வசதியாக இருக்கிறது.

கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் தங்கள் மைவிதான் வெல்லும். அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் கருவூலத்துக்கும் காற்றுக்கும் பொருட்டானது மாத முடிவில் எரிந்து தீர்ந்த மொத்த லிட்டர்தான். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் வீட்டிலிருந்து நிபோங் திபாலுக்கு அப்பால் இருக்கும் தோட்டத்துக்குப் போய்வருவது, குலைகளை எடைக்குக் கொண்டுபோவது, உரம் ஏற்றி வருவது எல்லாம் சேர்ந்து என் வண்டி மாதத்துக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. ஆக, 70 லிட்டர் டீசல். தாங்கள் மாதம் 22 நாள் வேலைக்குப் போவதாக வைத்துக்கொண்டால் 2,200 கிலோமீட்டர், 132 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது சுமார் 2.7 கிலோ கரியமில வாயுவும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது சுமார் 2.3 கிலோவும் வெளியேறுகின்றன. அந்த விகிதத்தில் என் பங்கு மாதத்துக்கு 190 கிலோ, தங்கள் பங்கு 300 கிலோவுக்கு மேல். தங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. சுங்கை பட்டாணியில் வீடும் பாயான் லெப்பாஸில் வேலையும் அமைந்தவருக்குப் பாலத்தைக் கடந்து நேரத்துக்குப் போய்ச்சேர வேறு வழி அதிகமில்லை என்பதை அறிவேன். வண்டியின் உருவத்தை வைத்து அதன் செலவை எடைபோட முடியாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

அந்த 10 லிட்டர் எங்கே போகிறது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நான்கு சக்கரமும் சுழல்வதால்தான் எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. என்னுடையது தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களை இணைத்துக்கொள்ளும் வகை. தார்ச்சாலையில் அது பின்சக்கரங்களால் மட்டுமே ஓடுகிறது. முன் அச்சும், அதற்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டியும், தண்டும் சேர்ந்து நூறு கிலோ அளவுக்கு எடையைக் கூட்டுகின்றன என்பது உண்மை. ஆயினும் இரண்டு டன்னில் அது சிறு பங்கு. மற்றதெல்லாம் ஒரு டன் சுமையைத் தாங்குவதற்கென்று போட்ட ஏணி வடிவ இரும்புச் சட்டம், உயரமான முகப்பு, கனத்த சக்கரங்கள் ஆகியவற்றின் வேலை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுகிறது என்பதால், வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையில் 90-இல் போகும் ஒருவர் 110-க்கு மிதித்தால் வண்டியைத் தடுக்கும் காற்று ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. சுவர்போல் நிமிர்ந்து நிற்கும் பிக்கப்புக்கு இந்தத் தண்டனை மைவியைவிடக் கடுமை. நான் இடது தடத்தில் 90-ஐத் தாண்டாமல் ஓட்டுவதற்கு வயதைக் காரணம் காட்டிக் கிண்டல் செய்பவர்கள் உண்டு, காரணம் டீசல். கூரைமேல் கம்பிக்கூடை, முன்னால் இரும்புத் தடுப்பு, சேற்றுக்கென்று பெரிய பற்கள் வைத்த டயர் எதையும் நான் பொருத்தவில்லை, ஏனென்றால் அவை ஒவ்வொன்றும் தத்தம் பங்குக்கு எண்ணெய் கேட்பவை. சனிக்கிழமை இரவுகளில் கர்னி டிரைவ் பக்கம் இவை அனைத்தையும் பூட்டிக்கொண்டு, சேற்றையே பார்க்காத டயர்களோடு ஊர்ந்துபோகும் வண்டிகளுக்குத் தாங்கள் சொன்ன 'பெருமை' பொருந்தும்; அவர்களுக்காக வாதாட என்னிடம் எதுவும் இல்லை.

இனி லோரி. தங்கள் கேள்விகளில் கனமானது இதுதான். செம்பனையைப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டவேண்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச்சேர்வது நல்லது, ஏனென்றால் பழம் அடிபட்ட கணத்திலிருந்தே அதன் எண்ணெயில் அமிலம் ஏறத் தொடங்கிவிடுகிறது. அமிலம் ஏறினால் தரம் விழும், தரம் விழுந்தால் எடை மேடையில் காசு பிடிப்பார்கள். என் போன்ற சிறு தோட்டக்காரருக்கு ஒரு சுற்றில் விழுவது ஒன்றரை டன் அளவுதான். இந்த ஒன்றரை டன்னுக்காக ஒரு லோரிக்காரர் தம் பெரிய வாடிக்கையாளர்களின் நடைகளை விட்டுவிட்டு வரமாட்டார். எல்லாரும் முடித்த பிறகு மறுநாள் பிற்பகலில் வருவார். அவர் பிழைப்பு அப்படி, குறை சொல்ல முடியாது. வந்தாலும் உள்ளே வரமாட்டார். பிரதான சாலையிலிருந்து என் தோட்டம்வரை இருப்பது இருபுறமும் வடிகால் ஓடும் களிமண் கரை. காய்ந்திருக்கும்போது அது சிமெண்டுத் தரைபோல் இருக்கும், அரைமணி நேர மழைக்குப் பின் சோப்பு தடவியதுபோல் ஆகிவிடும். இரட்டைச் சக்கர லோரி அதில் ஒருமுறை சறுக்கி வடிகாலுக்குள் பின்பக்கத்தை இறக்கிவிட்டால், அதை இழுக்கும் செலவில் அந்தச் சுற்றின் வருமானமே போய்விடும்.

அப்படியானால் பின்சக்கரத்தில் மட்டும் ஓடும் மலிவான பிக்கப் போதாதா என்று அடுத்த கேள்வி வரும். தார்ச்சாலையில் சுமை ஏற்ற அது தாராளமாகப் போதும், தோட்டத்துக்குள் சாலை போட்டிருப்பவர்களுக்கு நான் அதையே வாங்கச் சொல்வேன். களிமண்ணில் அதன் குறை உள்ளே போகும்போதுதான் தெரியும். பின்தட்டு வெறுமையாக இருக்கையில் எடை முழுதும் முன்னால் எஞ்சினின்மேல் நிற்க, ஓட்டவேண்டிய பின்சக்கரங்கள் பிடிமானமின்றி வெறுமனே சுழன்று தங்களுக்கே குழி பறித்துக்கொள்ளும். சுமையோடு திரும்பும்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. வடிகாலின்மேல் குழாய் பதித்து மண் போட்ட இடம் சிறு மேடாக இருக்கும். அதில் வேகமெடுத்து ஏறினால் வண்டி பக்கவாட்டில் நழுவும், மெதுவாக ஏறினால் சாதாரணக் கியரில் எஞ்சின் அணைந்துவிடும். ஃபோர் வீலில் தாழ்கதிப் பல்லிணைப்பு (லோ ரேஞ்ச்) அதற்காகவே இருக்கிறது. வண்டியை நிறுத்தி நெம்புகோலை அந்த நிலைக்குத் தள்ளியதும் சக்கரத்தின் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவுக்குக் கூடுகிறது. இரண்டாம் கியரில் போட்டு, எண்ணெய் மிதியைத் தொடாமல், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் ஒரு டன் குலையோடு வண்டி நடைவேகத்தில் தானாக ஏறிவிடும். சக்கரம் சுழன்று சேறு தெறிக்கவில்லை என்றால் ஓட்டுபவர் வேலை தெரிந்தவர் என்று பொருள்.

உதவித்தொகைக்கு வருகிறேன், ஏனென்றால் என்னை முரண்பாட்டுக்காரனாகத் தாங்கள் காண்பது அதில்தான். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் பழைய விலை நீடித்தது. என் 70 லிட்டருக்கு மாதம் 84 ரிங்கிட் கூடுதல். அன்றும் அந்த முடிவை ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். 2019-இல் 1.4 பில்லியனாக இருந்த டீசல் உதவித்தொகை 2023-இல் 14.3 பில்லியன் ரிங்கிட்டுக்கு உயர்ந்தது என்றும், அதே காலத்தில் டீசல் வண்டிகளின் எண்ணிக்கை 3 விழுக்காடுதான் கூடியது என்றும் அரசு கணக்குக் காட்டியது. வண்டிகளின் கணக்கில் அடங்காத அந்த டீசல் எல்லைக்கு வெளியேயும் சலுகைக்குத் தகுதியில்லாத ஆலைகளுக்கும் போயிருக்கவேண்டும். தகுதியுள்ள டீசல் வண்டிக்காரர்களுக்குப் புடி மடானி என்ற பெயரில் மாதம் 200 ரிங்கிட் ரொக்கமாகத் தருவதாகவும் அறிவித்தார்கள். என் கூடுதல் செலவு அதில் பாதியைக்கூட எட்டாது என்பதால் நான் விண்ணப்பிக்கவில்லை. ஆகவே என் வண்டிக்கு நான் போடும் எண்ணெயில் பொதுப் பணம் இல்லை. மாறாக, 2025 செப்டம்பர் இறுதியில் மைகாட் என்ற அடையாள அட்டையைக் காட்டி ரோன் 95 பெட்ரோலை 1 ரிங்கிட் 99 சென்னுக்கு வாங்கும் திட்டம் தொடங்கியபோது அதன் உதவித்தொகையற்ற விலை 2 ரிங்கிட் 60 சென். அந்த வேறுபாட்டைத் தங்கள் 132 லிட்டரோடு பெருக்கினால் மாதம் 80 ரிங்கிட் வருகிறது. அது தங்கள் உரிமை, வெட்கப்பட ஏதுமில்லை; ஆனால் கருவூலத்தைக் கரைப்பது யார் என்று என்னிடம் கேட்பதற்கு முன் இதையும் பார்த்திருக்கலாம். (வழக்கமான டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த கலவை என்பதால், நான் ஏற்றிப்போகும் குலையில் ஒரு துளி என் தொட்டிக்கே திரும்பி வருகிறது என்று நண்பர் ஒருவர் சொல்வார். அதை நான் நியாயமாக முன்வைக்கவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.)

ஃபோர் வீல் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் இன்னொரு காரணத்தை நான் சொல்லப்போவதில்லை. 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியபோதும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் காத்திருந்தபோதும் இவ்வகை வண்டிகளோடு இறங்கி உதவியவர்கள் உண்டு, அவர்களை மதிக்கிறேன். ஆயினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்காக ஆண்டு முழுதும் இரண்டு டன்னை ஓட்டுவது கணக்குக்கு ஒத்துவராது. தவிர, ஓடும் நீர் அரை மீட்டரைத் தாண்டினால் உயரமான வண்டியையும் மிதக்கவிட்டு இழுத்துப்போகும். நான்கு சக்கரமும் சுழல்வதால் நீரில் பிடிமானம் வந்துவிடாது. பாதுகாப்பு என்ற வாதமும் அப்படித்தான். உயரமான முகப்பு உள்ளே இருப்பவருக்குத் தைரியம் தரலாம், முன்னால் சைக்கிளில் போகும் பிள்ளையை மறைக்கவும் செய்கிறது.

இதனாலேயே ஊருக்குள் சுற்ற நான் இந்த வண்டியை எடுப்பதில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும், தோட்டத்தில் சும்மா பார்த்துவிட்டு வரும் நாட்களுக்கும் மோட்டார்சைக்கிள் இருக்கிறது. மைவி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். என் ஓட்டத்துக்கு இரண்டாம் கார் மிச்சப்படுத்தும் டீசலைவிட அதற்குக் கட்டும் சாலை வரியும் காப்புறுதியும் தேய்மானமும் பெரிதாக இருக்கும். மின்காரும் நாள்தோறும் 100 கிலோமீட்டர் போய்வரும் தங்களுக்குக் கட்டுப்படியாகலாம். மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு அதன் விலை எளிதில் திரும்பாது.

எப்போது விற்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செம்பனைக்கு 25 வயதானால் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்வது வழக்கம், என் மரங்கள் அந்த வயதை நெருங்குகின்றன. புதிய கன்று குலை தள்ள ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அந்த மூன்று ஆண்டுகளில் தோட்டத்திலிருந்து வெளியே ஏற்ற எதுவும் இருக்காது. உள்ளே போகவேண்டிய கன்றையும் உரத்தையும் வறட்சியான மாதங்களில் கொண்டுபோய் இறக்கிவிடலாம். ஆகவே மறுநடவு தொடங்கியதும் ஹைலக்ஸைக் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். மறுபடி குலை வரும் காலத்தில் எதை வாங்குவது என்பது அன்றைய டீசல் விலையையும், மின் பிக்கப்புகள் என்ன விலைக்கு இறங்கியிருக்கின்றன என்பதையும், எங்கள் வடிகால் கரையில் யாராவது கல் கொட்டியிருக்கிறார்களா என்பதையும் பொறுத்தது.

அன்புடன்.