தவலை வெடித்தது ஏன்? வாசகர் கேள்விகள்

கேள்வி: முறையாகத் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறேன். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைக் கழுவும் டிரம், அதற்கான திரவம், கம்பளிக் கொழுப்பில் செய்த வழவழப்பு எண்ணெய் எல்லாம் ஒரே பெட்டியில் 18,000 ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கிறது. வாங்கி, கூடுகளை மறுபடி நிரப்பலாமா? (கோவை)

பதில்: வேண்டாம். துப்பாக்கி வைத்திருக்கக் கொடுத்த உரிமம், தோட்டா செய்யக் கொடுத்தது ஆகாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்குத் தனி உரிமம் வேண்டும். டிரம் விற்பவர் வழக்கு வந்தால் வக்கீல் அனுப்ப மாட்டார். உரிமம் கொடுத்த அலுவலகத்தில் கேட்காமல் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

கேள்வி: அம்மாயி சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தவலை. கடையில் வாங்கிய திரவத்தால் துலக்கி, கட்டுத்தரையை ஒட்டிய அறையில் வைத்தோம். ஐப்பசி மழை முடிந்து எடுத்தால் வாய் விளிம்பிலிருந்து கீழே இறங்கி நீளமாக ஒரு விரிசல். கீழேயும் விழவில்லை, அடியும் படவில்லை. கடைக்காரர் ‘பழைய பாத்திரம், அப்படித்தான்’ என்கிறார். (காங்கேயம்)

பதில்: ‘பழைய பாத்திரம்’ என்ற பதிலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐம்பது வருடம் தாங்கிய தவலைக்கு இந்த ஐப்பசியில் திடீரென்று வயதாகிவிட்டதா?

தோட்டாக்காரர் கடிதத்துக்கும் உங்கள் தவலைக்கும் சம்பந்தம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவத்தின் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. அந்தக் கூடுகள் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு சேர்ந்த பித்தளை. குதிரை லாயத்துப் பக்கம் வைத்தவைதான் அதிகம் போயின. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல் வந்த ஆய்வு காட்டியது. தகட்டை இழுத்தும் அடித்தும் வளைத்துச் செய்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். அதன்மேல் ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால், தொடாமலேயே பிளக்கும். வார்ப்புக் குத்துவிளக்கில் அந்த இறுக்கம் குறைவு, தவலையில் அதிகம்.

உங்கள் கட்டுத்தரையில் மாட்டு மூத்திரம். சரி. பாட்டிலில்? மூடியைத் திறந்தால் மூக்கை எரிக்கும் நெடி வந்ததா? பித்தளை துலக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா சேர்க்கிறார்கள். கறுப்பைச் சட்டென்று எடுக்கும், அதனால்தான். கழுவாமல் விட்டால் இடுக்கில் தங்கிவிடும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பாட்டிலின் மேல் பளபளவென்று ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. தயாரித்தவர் முகவரி இல்லை, அளவு இல்லை, மாதம் வருடம் இல்லை. பொட்டலப் பொருள் விதிகள் 2011-ன்படி இவையெல்லாம் இருந்தே ஆக வேண்டும். விரிசலுக்கு அந்தத் திரவம்தான் காரணம் என்று நிரூபிப்பது கஷ்டம், கட்டுத்தரையும் கூட்டாளியாயிற்றே. ஆனால் முகவரி இல்லாத பாட்டிலை விற்றது தனித் தப்பு. தொழிலாளர் துறையில் எழுதிக் கொடுங்கள். பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

இனி புளி போதும். தேய்த்ததும் கழுவி, உடனே துணியால் ஈரம் போகத் துடையுங்கள். புளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் பித்தளை செம்பு நிறத்துக்குப் போய்விடும். இதை நான் ஒரு புதுப் போசியைக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கேள்வி: பூஜை அறைக் கதவின் பித்தளைக் கீல்களுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன், பச்சை பிடித்துவிட்டது. கீல் போலியா? (பொள்ளாச்சி)

பதில்: பொள்ளாச்சிக்காரரிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, குற்றம் எண்ணெயில். அதன் கொழுப்பு அமிலமும் செம்பும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

கேள்வி: பித்தளை உதிரி பாகங்களை டிரம்மில் போட்டு மெருகேற்ற, அரைத்த மக்காச்சோளக் கட்டை கிலோ 400 ரூபாய் என்று வெளிநாட்டுச் சரக்கு வாங்கினேன். விலை சரிதானா? (உடுமலை)

பதில்: உடுமலையில் உட்கார்ந்துகொண்டா? மணி உதிர்த்த கட்டை உங்கள் ஊர்க் களத்தில் குவிந்து கிடக்கிறது. நன்றாகக் காயவைத்து, அரைத்து, தூசி போகச் சலித்துப் பாருங்கள். தூசிதான் தொல்லை.

கேள்வி: போன வருடமோ அதற்கு முன்போ ஒரு அண்டா வாங்கினேன். பில் வாங்கவில்லை, கடைப் பெயரும் ஞாபகமில்லை. நஷ்டஈடு கிடைக்குமா? (ஈரோடு)

பதில்: யாரிடமிருந்து?

கேள்வி: இணையத்தில் ‘சுத்தப் பித்தளை’ என்று 4,200 ரூபாய்க்கு வாங்கிய குத்துவிளக்கில் காந்தம் ஒட்டுகிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. (திருப்பூர்)

பதில்: அம்மிணி, உங்கள் மேல் தப்பே இல்லை. நானும் இப்படி ஒன்று வாங்கினேன், அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகள் பக்கத்திலேயே இருக்க, படத்தைப் பார்த்து. முலாம் உரிந்து இரும்பு தெரிந்தது. இப்போது அது காற்றில் கதவு சாத்தாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது.

காந்தம் ஒட்டினால் பித்தளை இல்லை. ஒட்டாவிட்டாலும் நம்பிவிடக் கூடாது, சில மட்ட உலோகங்களிலும் ஒட்டாது. விளிம்பு வரை நீர் நிறைத்த பாத்திரத்தில் மூழ்கவிட்டு வழிவதை அளந்து பாருங்கள். ஒரு கிலோ பித்தளைக்குச் சுமார் 120 மில்லி வழியும். 150-ஐத் தொட்டால் சந்தேகம்தான்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரானாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ‘சுத்தப் பித்தளை’ என்று எழுதியிருந்த பக்கத்தை இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு அந்த வரியை எடுத்துவிடுவார்கள்.