நடுக்கடல் சூறாவளியின் காற்று வேகத்தை யார் போய் அளந்தார்கள்?

நல்ல கேள்வி. வங்காள விரிகுடாவைப் பொறுத்தவரை, பெரும்பாலும் யாரும் போவதில்லை. செய்மதிப் படத்தில் மேகத்தின் கோலத்தைப் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள்.

1970களில் அமெரிக்கரான வெர்னன் டுவோராக் உருவாக்கிய முறை அது. மேகப் பட்டை மையத்தை எவ்வளவு வளைத்திருக்கிறது, நடுவே ‘கண்’ எனப்படும் மேகமற்ற வட்டம் தெரிகிறதா என்று பார்த்து, 1 முதல் 8 வரை ஒரு ‘டி எண்’ கொடுப்பார்கள். 4 என்றால் ஏறத்தாழ 65 நொட், அதாவது மணிக்கு 120 கிலோமீற்றர். அகச்சிவப்புப் படத்தில் கண் சூடாகவும் சுற்றியுள்ள மேக உச்சி கடுங்குளிராகவும் இருந்தால் எண் ஏறும். குளிர்ந்த உச்சி என்றால் மேகம் அவ்வளவு உயரம் போயிருக்கிறது. வைத்தியர் நாடி பார்ப்பது மாதிரித்தான். அனுபவசாலிகள் இருவர் அரை எண் வித்தியாசமாகச் சொல்வது சகஜம்.

அத்திலாந்திக்கில் அமெரிக்க விமானங்கள் கண்ணுக்குள்ளேயே பறந்து, பரசூட் கட்டிய கருவிகளைப் போட்டு அமுக்கமும் காற்றும் அளக்கின்றன. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அப்புறம், கொழும்பு காலி வீதியில் மழை கொட்டும்போது கைப்பேசியில் இரண்டு இடத்தில் இரண்டு வேகம் தெரிந்தால் பதறாதீர்கள். இந்திய வானிலைத் துறை சொல்வது 3 நிமிடச் சராசரி, அமெரிக்கக் கூட்டுச் சூறாவளி எச்சரிக்கை மையம் சொல்வது 1 நிமிடச் சராசரி. இரண்டாவது சற்றுக் கூடத்தான் தெரியும்.