பக்கத்து ஊரில் பெயிண்ட் குதிரை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பதிவுத் தாள்களைப் பாருங்கள், நிறத்தை அப்புறம் ரசிக்கலாம். பெயிண்ட் என்பது வெள்ளைத் திட்டுகளுக்குப் பெயர் பெற்ற ஓர் அமெரிக்கக் குதிரை இனம். ஆனால் உடலில் திட்டுகள் இருந்தால் மட்டும் ஒரு குதிரை பெயிண்ட் ஆகிவிடாது. டெக்சாஸை மையமாகக் கொண்ட அமெரிக்கப் பெயிண்ட் குதிரைச் சங்கம், பெயிண்ட், குவார்ட்டர், தரோபிரெட் ஆகிய குதிரை இனங்களின் வம்சங்களில் வந்தவற்றையே பதிவு செய்கிறது. சான்றிதழில் உள்ள அடையாளங்கள் குதிரையோடு பொருந்துகின்றனவா, விற்பவர் பெயரில்தான் பதிவு இருக்கிறதா என்று சரிபாருங்கள். உரிமை மாற்றப் படிவத்தில் அவருடைய கையொப்பம் கிடைக்கும் முன் முழுப் பணத்தையும் தராதீர்கள்.

குட்டி ஈன வைக்கும் எண்ணம் இருந்தால் மரபணுப் பரிசோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கும் மரபணுக்களில் ஒன்றான ‘ஃபிரேம் ஓவரோ’ ஒரு பிரதி மட்டும் இருந்தால் குதிரை நலமாகவே இருக்கும். வெள்ளை அதிகம் இல்லாத குதிரையிலும் அது மறைந்திருக்கலாம். இந்த மரபணு உள்ள இரண்டை இணைத்தால், ஒவ்வொரு ஈற்றிலும் 25 சதவீத வாய்ப்பில், குடல் நரம்புகள் வளராத வெள்ளைக் குட்டி பிறந்து சில நாட்களில் இறந்துவிடும். பரிசோதனை முடிவு தெரிந்திருந்தும் விற்பவர் அதை மறைப்பதை என்னால் மன்னிக்கவே முடியாது.

உங்கள் சொந்தச் செலவில் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். விற்பவரின் வழக்கமான மருத்துவர் வேண்டாம். குதிரைத் தொற்று இரத்தசோகைக்கான காகின்ஸ் பரிசோதனை முடிவையும் கேளுங்கள். விற்பவர் ஏறி ஓட்டிக் காட்டிய பிறகே நீங்கள் ஏறுங்கள்.